ஒரு மண்டலம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஆறாம் வகுப்பிலேயே வருகைப் பதிவேட்டை என்னிடம்தான் எழுதக் கொடுப்பார்கள். போளூர் கருத்தரிப்பு மையத்திலும் அப்படித்தான். லேப் டெக்னீசியன் என்று பெயர், ஆனால் படிவம் நிரப்புவது, தேதி குறிப்பது, டாக்டர் சொன்னதை வந்தவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது எல்லாம் என் தலையில்தான் விழும். ஆகவே இந்த வாக்குமூலத்தையும் நானே எழுதித் தருகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டீர்கள் சார், நன்றி.

நீங்கள் கொண்டுவந்த தாளில் 'மாதிரியில் முறைகேடு' என்று போட்டிருக்கிறது. அது சரியில்லை. இருபது வருஷமாக லேபில் இருக்கிறேன். யாருடைய குப்பியையும் மாற்றியதில்லை. எதிலும் எதையும் கலந்ததில்லை. மணிவேலின் விந்து மாதிரியை மூன்று முறையும் நான்தான் கையில் வாங்கினேன். மூன்று முறையும் முறைப்படி கழுவி, முறைப்படி உள்ளே கொடுத்தேன். என் கைக்கு வரும்போதே அது கெட்டுப் போயிருந்தது. எப்படிக் கெட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

மணிவேலை எனக்குப் பதினான்கு வருஷமாகத் தெரியும். அப்போது நான் மலைமேல், ஜமுனாமரத்தூரில் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தேன். அவன் அதற்கும் மேலே ஒரு ஊர். சாமை விதைக்கிற குடும்பம். பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தான். புளி சீசனில் புளி மூட்டை ஏற்றுவான், மற்ற நாளில் ஆள் ஏற்றுவான். என்னைவிட எட்டு வயது சின்னவன். நான் அங்கே பத்துப் பதினைந்து பேருக்குச் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுகிற குருசாமி. மணிவேல் முதல் மாலை போட்டது என் கையால்தான். அன்று முதல் என்னை அண்ணா என்பான், மாலை போட்ட நாட்களில் சாமி என்பான். என் வீட்டில் அவன் சாப்பிடாத வாரம் கிடையாது.

எனக்கும் என் மனைவி ஜெயம்மாளுக்கும் குழந்தை இல்லை. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தோம். சோதனைக் குழாய் முறையில் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் மணிவேலின் ஜீப்பில்தான் இறங்கிப் போவோம். ஒவ்வொரு தடவையும் ஒன்று ஒட்டாது, இல்லையென்றால் ஒட்டி ஏழாம் வாரம் கலைந்துவிடும். இரண்டாவது தடவைக்குப் பிறகு அங்கிருந்த டாக்டர் என் விந்துக்கு ஒரு சோதனை எழுதிக் கொடுத்தார். அதுவரை என் ரிப்போர்ட் எல்லாம் நன்றாகவே இருந்தது. எண்ணிக்கை சரி, ஓட்டம் சரி, வடிவம் சரி. இது வேறு சோதனை. உயிரணுவின் தலைக்குள் சுருட்டி வைத்திருக்கிற மரபணு இழை எவ்வளவு அறுந்திருக்கிறது என்று பார்ப்பது.

உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மேலே பார்த்தால் நல்ல புளி, ஓட்டை உடைத்தால் உள்ளே வண்டு அரித்த தூள். அதுபோலத்தான். கரு முதல் மூன்று நாள் முட்டையின் பலத்திலேயே வளர்ந்துவிடும். அதற்கு அப்புறம்தான் அப்பன் கொடுத்தது வேலை செய்ய வேண்டும். அங்கே நின்றுபோகும். சிலது நிற்காமல் போய் ஒட்டிக்கொண்டு, இதயத் துடிப்புகூடக் காட்டி, பிறகு கலையும். பார்க்கிறவர்களுக்கு வயிறு கலைத்தது மாதிரிதான் தெரியும்.

எனக்கு நாற்பத்தொன்று சதவீதம். முப்பதைத் தாண்டினாலே கஷ்டம். சரி செய்ய வழி இருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்னார். மூன்று நான்கு மாதம் மருந்து, பழக்க வழக்கத்தில் சில மாற்றம், பிறகு மறுபடி சோதனை. நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் வீட்டில் அதைச் சொன்னால் ஏன், எதற்கு, யாருக்கு என்று ஆரம்பிக்கும். ரிப்போர்ட்டை மடித்து மாலை வைக்கிற பெட்டியில் வைத்தேன். அந்தப் பெட்டியை ஜெயம்மாள் தொடமாட்டாள்.

நான் ஜெயம்மாளை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என் அம்மா அவளைப் பேசுவார்கள். வயல் சரியில்லை, எத்தனை விதைத்து என்ன என்பார்கள். அப்படிப் பேச ஆரம்பித்ததுமே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தப் பேச்சை என்னால் காதுகொடுத்துக் கேட்க முடியாது.

மூன்றாவது தடவையும் போனது. அந்த வருஷம் சபரிமலைக்குப் போனபோது பம்பையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தோம், நானும் மணிவேலும். காலை வெயில் இதமாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனிடம் சொன்னேன். நாற்பத்தொன்று என்ற எண் முதற்கொண்டு சொன்னேன். உலகத்தில் வேறு யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்றேன். அவன் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டு, "சாமி சத்தியமா சொல்லமாட்டேண்ணா" என்றான். அந்த மாலை நான் போட்டது.

நான்காவது தடவையும் போனது. ஐந்தாவது தடவைக்கு வேலூர் கிளம்பினோம். போளூர் பஸ் நிலையத்துக்கு வெளியே ஜீப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு இட்லி கட்டி வரப் போனேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தால் ஜெயம்மாள் பையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நிற்கிறாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"நாப்பத்தொண்ணு."

வேலூர் பஸ் ஏறி, கணியம்பாடியில் இறங்கி, அவள் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஊர்க்காரர்கள் பேசினார்கள், வக்கீல் பேசினார், முடிந்தது. இப்போது வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு நாலு வயதில் ஒரு பெண் குழந்தையோடு இருக்கிறாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

என் வருத்தம் எல்லாம் மணிவேல் மேல். அன்று அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதான். "என்னால பாக்க முடிலண்ணா. அக்கா கையில ஊசி குத்த எடமே இல்லண்ணா. இன்னா பண்ணச் சொல்ற?" என்றான். என்ன பண்ணச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கலாம். என் குறையை என் மனைவியிடம் சொல்வதற்கு அவன் யார்? சொல்ல வேண்டியவன் நான். அந்த உரிமையை அவன் பிடுங்கிக்கொண்டான். மாலையைப் பிடித்துச் செய்த சத்தியத்தை ஒரு இட்லிப் பொட்டலம் கட்டுகிற நேரத்தில் காற்றில் விட்டான். சோறு போட்ட வீட்டை உடைத்தான். துரோகம் என்ற சொல்லை எல்லோரும் லேசாகச் சொல்கிறார்கள், எனக்கு அது நெஞ்சுக்குள் ஆறாத புண்ணாகவே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் வரும். கண்ணாடிச் சில்லில் துளியை வைத்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் வரும்.

நான் மலையை விட்டு இறங்கிப் போளூரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு வருஷம் அவனைப் பார்க்கவில்லை. ஒரு சித்திரை மாதம் காலையில் மையத்தின் படியேறி வந்து நிற்கிறான், கூட ஒரு பெண். அவன் மனைவி, பூவிழி. கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை.

என்னைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் சட்டென்று குனிந்து காலைத் தொட்டான்.

"ண்ணா, அன்னிக்கி நான் சொன்னது தப்புதான். ஒன்னிய வந்து பாக்க மூஞ்சி இல்ல எனுக்கு."

"விடுப்பா. அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றேன்.

அவன் அழுதுவிட்டான். நம்பிவிட்டான். நான் சொன்னதை நம்புவதில் அவன் எப்போதும் கெட்டிக்காரன்.

பூவிழி சிரித்த முகம். ஒல்லியான உடம்பு, கை மட்டும் உலக்கை பிடித்துத் தேறிய கை. ஊசி என்றால் பயம். முதல் நாளே என்னிடம் வந்து, "எறும்பு கடிச்சாப்ல இருக்குமாண்ணா, தேளு கொட்னாப்ல இருக்குமா?" என்று கேட்டாள். எறும்புதான் என்றேன். அடுத்த முறை வரும்போது எல்லோருக்கும் சாமை அரிசியும் எனக்கு மட்டும் ஒரு பாட்டில் தேனும் கொண்டுவந்தாள். தேன் நல்ல தேன்.

டாக்டர் தேவயானி வேலூரிலிருந்து வாரம் மூன்று நாள் வருவார். கெட்டிக்காரர், நல்லவர், நிற்க நேரமில்லாதவர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்யுங்கள். மணிவேலுக்கும் அந்த மரபணுச் சோதனையை எழுதினார். முப்பத்தாறு வந்தது. அந்தத் தாளை வாங்கியபோது எனக்கு ஏற்பட்டதை என்னவென்று சொல்வது? சந்தோஷம் இல்லை. தெய்வம் கொஞ்சம் கவனிக்கிறது என்று தோன்றியது.

டாக்டர் அவர்களை உட்காரவைத்துச் சொன்னார். பீடியை விட வேண்டும். ஜீப் என்ஜின் சூட்டில் மணிக்கணக்காக உட்காரக் கூடாது. முக்கியமாக, இந்த மாதிரி ஆட்களுக்கு விந்து உள்ளே தேங்கிக் கிடக்கக் கூடாது, கிடக்கக் கிடக்க இழை அறுந்துகொண்டே போகும், ஆகவே மாதிரி கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்தான் இடைவெளி. இவ்வளவையும் பாதி இங்கிலீஷில் மளமளவென்று சொல்லிவிட்டு, "சின்னராசு, இவங்களுக்கு நிதானமா எடுத்துச் சொல்லிடுங்க" என்று அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்.

நிதானமாக எடுத்துச் சொன்னேன். பீடி சொன்னேன், சூடு சொன்னேன். மூன்று மாதம் கழித்து மறு சோதனைக்கு வரும்போது மட்டும் முந்தின நாள் வரை தம்பதியாக இருந்துவிட்டு வரலாம் என்றேன். அவன் அப்படியே செய்தான். பதினெட்டு வந்தது. நான்கு பேரில் ஒருவருக்கு அப்படி இறங்கும். டாக்டருக்கு ஏக சந்தோஷம். கார்த்திகைக்கு மேல் ஆரம்பிக்கலாம் என்றார்.

அன்று மணிவேல் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். சார், இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நான் கூப்பிடவில்லை, அவன்தான் கூப்பிட்டான்.

"ண்ணா, இது உசுரு சமாச்சாரம். பலமா இருக்கணும் இல்ல? சிந்தாம சேத்து வெச்சாத்தான பலம்? நான் ஒரு மண்டலம் மாலை போட்டுக்கினு சுத்தமா இருந்துட்டு வந்து குடுக்கறேண்ணா. நீயே போட்டுவுடு."

மலையில் அப்படித்தான் நினைப்பார்கள். கீழேயும் அப்படித்தான். படித்தவர்களே அப்படி நினைத்துக்கொண்டு வருவார்கள், நான்தான் உட்காரவைத்துத் தப்பு என்று சொல்லித் திருத்துவேன். பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது என் வேலை. நாற்பத்தெட்டு நாள் தேங்கினால் என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்தில் டாக்டருக்கு அடுத்தபடி தெரிந்தவன் நான்தான்.

"நல்ல யோசனைதான். போட்டுவிடறேன்" என்றேன்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டேன். முட்டை எடுக்கிற நாளை அவன் சபரிமலை போய்வந்து மாலை கழற்றும் நாளுக்கு மறுநாள் விழுகிற மாதிரி அமைத்தேன். தேதி குறிப்பது என் வேலை என்று முன்பே சொன்னேன். நடுவில் பூவிழியை ஊசிக்கும் ஸ்கேனுக்கும் அவன் அழைத்து வருவான், ஆனால் படியேறக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மாலை போட்டவனுக்கு ஆஸ்பத்திரி தீட்டு. அதனால் கறுப்பு வேட்டியும் தாடியுமாக இருந்த மணிவேலை டாக்டர் ஒரு நாளும் பார்க்கவில்லை. அவன் கீழே ஜீப்பிலேயே உட்கார்ந்திருப்பான். பூவிழி இறங்கிப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். தீட்டு என்பதால் கையைக்கூடத் தொடாமல், "வலிச்சுதா?" என்று கேட்பான். அவள் இல்லை என்று தலையாட்டுவாள்.

மாதிரி கொடுத்த அன்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. கடைசியாக வெளியேறி எத்தனை நாள் ஆயிற்று என்று. இரண்டு என்று எழுதினேன்.

பதினோரு முட்டை கிடைத்தது. எட்டு கருவானது. மூன்றாம் நாள் எட்டும் அழகாக இருந்தன. ஐந்தாம் நாள் ஒன்றுதான் மிஞ்சியது. அதை வைத்தார்கள், ஒட்டவில்லை. முதல் தடவை எல்லோருக்கும் இப்படி ஆவது உண்டு என்று டாக்டர் தேற்றினார்.

இரண்டாவது தடவை தைப்பூசத்துக்குப் பழனி. முதல் தடவை முடிந்து ஒரு வருஷம் கழித்து. மறுபடியும் ஒரு மண்டலம், மறுபடியும் இரண்டு என்று எழுதினேன். இந்த முறை ஒட்டியது. ஆறரை வாரத்தில் துடிப்பு தெரிந்தது. திரையில் அது மினுக்மினுக்கென்று அடிப்பதை நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது. நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே வந்ததும் பூவிழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க போட்ட மாலைதாண்ணா" என்றாள். எட்டாம் வாரம் துடிப்பு இல்லை.

டாக்டர் குழம்பிவிட்டார். மணிவேலுக்கு இன்னொரு முறை சோதனை செய்யுங்கள் என்றார். மாலை இல்லாத மாதம், பழையபடி முந்தின நாள் வரை இருந்துவிட்டு வரச் சொன்னேன். பதினேழு வந்தது. பொய் ரிப்போர்ட் இல்லை, உண்மையான பதினேழு. அப்படியானால் ஆண் பக்கம் சரி, முட்டையில்தான் கோளாறு என்று டாக்டர் முடிவுக்கு வந்தார். கையில் இருந்த தாளை வைத்துப் பார்த்தால் யாரும் அப்படித்தான் வருவார்கள்.

அன்று பூவிழி மாத்திரைச் சீட்டை வாங்க என் மேஜைக்கு வந்தாள். சிரிப்பு இல்லை.

"எங்கிட்டதான் கோளாறுங்களாண்ணா?"

"டாக்டர் அப்படித்தாம்மா சொல்றாங்க. மனசை விடாதே" என்றேன்.

இங்கே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஒரு விஷயம் நடந்தது. மையத்தின் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மேல்படியில் இருந்தேன்.

"எங்க தங்கச்சியக் கட்டிக்க. நான் எங்க அம்மா வூட்டுக்குப் போய்ட்றேன். ஊர்ல கேட்டா நானே சொல்லிக்கிறேன்" என்றாள் அவள்.

"ந்தா, பேசாத வா. கொழந்த இல்லன்னா இன்னா இப்போ? நீ எங்க போறியோ அங்க நானும் வர்றேன். எங்க அம்மா எதுனா சொல்லிச்சா? சொல்லு, இன்னிக்கே தனி வூடு பாக்கறேன்" என்றான் மணிவேல்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அவன் மனைவிமேல் பழி விழுந்திருக்கிறது. கையில் டாக்டர் கொடுத்த காகிதமே இருக்கிறது. ஒரு மனிதன் செய்யக்கூடியது எழுந்து வெளியே போவதுதான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் போகவில்லை. அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினான். அவள் ஜீப்பில் ஏறும்வரை நான் படியிலேயே நின்றேன்.

ஆகவே மூன்றாவது முறை. ஆடி மாதம், படவேட்டு அம்மனுக்கு. ஆடித் திருவிழாவுக்கு முன் ஒரு மண்டலம் இருக்க வேண்டும் என்று வைகாசியிலேயே மஞ்சள் துணி கட்டி மாலை போட்டுவிட்டேன். அவன் சந்தேகப்படவே இல்லை. "ரெண்டு தடவ எங்கியோ ஒரு கொற வெச்சிட்டேன் போலண்ணா. இந்தத் தடவ செருப்புகூடப் போடமாட்டேன்" என்றான். வெறுங்காலோடு கொண்டை ஊசி வளைவெல்லாம் ஜீப் ஓட்டினான். படிவத்தில் இரண்டு என்று எழுதினேன்.

அதுவும் ஒட்டியது, ஏழாம் வாரம் கலைந்தது. மலைப்பாதையில் ஜீப்பிலேயே கலைந்தது. பூவிழிக்கு ரத்தம் நிற்கவில்லை. வழியில் கிடைத்த இடத்தில் வயிற்றைச் சுத்தம் செய்தார்கள். பிறகு காய்ச்சல், பத்து நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டாள். நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் தேவயானி கேமரா விட்டுப் பார்த்தபோது கர்ப்பப்பையின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பிரித்துப் பார்த்தார். மறுபடியும் ஒட்டிக்கொண்டது. இனி அந்த வயிற்றில் எதுவும் தங்காது. யாருடைய விந்தானாலும், யாருடைய முட்டையானாலும்.

அதைச் சொல்லும்போதுதான் பூவிழி டாக்டரிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். "எங்க வூட்டுக்காரரு ஒவ்வொரு தடவையும் ஒரு மண்டலம் வெரதம் இருந்தாருங்க. எங்கிட்ட கூட வர்ல. அதுக்குக்கூடச் சாமி எறங்கலிங்களே" என்று.

டாக்டர் மூன்று படிவத்தையும் எடுத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"சின்னராசு, இது யார் எழுத்து?"

"என் எழுத்துதான் மேடம்."

"அவர் விரதத்துல இருந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"நான்தான் மேடம் மாலை போட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து கையைக் கழுவினார். உங்களுக்குப் போன் செய்தது அதற்கு அப்புறம்தான்.

இரண்டு நாள் கழித்து மணிவேலும் பூவிழியும் என் வீட்டுக்கு வந்தார்கள். அடிப்பான் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வாசலிலேயே நின்றான்.

"நான் அக்காகிட்ட சொன்னதுக்காவாண்ணா?"

"ஆமாம்."

"என்னிய அட்ச்சிருக்கலாமேண்ணா. கொன்னுகூட போட்டிருக்கலாம்."

பிறகு பூவிழி பேசினாள். குரல் உயரவே இல்லை.

"சத்தியம் பண்ணது அவரு. ஊசி குத்திக்கினது நானு. நான் ஒங்கள இன்னா பண்ணேன்?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதையும் இதில் எழுதிவிடுகிறேன். அவளுக்கு நான் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. அவன்மேல் எறிந்தது அவள்மேல் விழுந்தது, என்ன செய்வது? ஜெயம்மாள் விஷயத்திலும் இப்படித்தான் ஆயிற்று. இந்த வைத்தியத்தின் அமைப்பே அப்படி. யாருடைய குறையானாலும் ஊசி ஒருத்திக்குத்தான்.

ஆகவே நான் ஒப்புக்கொள்வதாவது. மணிவேலின் விந்து கெடும் என்று முழுதாகத் தெரிந்தே மூன்று முறை ஒரு மண்டல விரதம் போட்டுவிட்டேன். டாக்டருக்குத் தெரியாமல் இருக்க அவனைப் படியேறவிடவில்லை. மூன்று படிவத்திலும் பொய் எழுதினேன். சோதனைக்கு மட்டும் நல்ல மாதிரி வரும்படி செய்து பழியைப் பூவிழிமேல் திருப்பினேன். இரண்டு கருக்கள் கலைந்ததற்கும் அவள் வயிறு மூடிப் போனதற்கும் நானே காரணம். யாரும் என்னைத் தூண்டவில்லை. எனக்குத் துரோகம் செய்தவனுக்கு நான் கொடுத்த தண்டனை இது. என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று. நேற்று ஜெயம்மாள் போன் செய்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை. பூவிழி போய்ப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னிக்கி மணிவேலு சொல்லாம இருந்திருந்தா, நீ எங்கிட்ட எப்ப சொல்லியிருப்ப?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். என்னைப் பேசவே விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், அவளிடம் காட்டுங்கள். அந்த ஐந்தாவது தடவை மட்டும் முடியட்டும் என்றுதான் இருந்தேன். அதுவும் சரியாக வராமல் போயிருந்தால், ஆறாவது தடவைக்கு ஊசி ஆரம்பிப்பதற்கு முன்னால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.